ஃப்ளவர் பிராக்கெட்டுக்குள் ஒரு பெயர்

சென்ற வாரம் மதியச் சாப்பாடு முடிந்து இருக்கைக்குத் திரும்பும்போது, குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணின் திரையில் சிவப்பு எழுத்தில் இரண்டு வரிகள் தெரிந்தன. ‘இந்த லாகருக்கு அப்பெண்டர் எதுவும் கிடைக்கவில்லை, லாக்4ஜேயை முறையாகத் தொடங்கி வையுங்கள்’ என்று சொல்லும் வரிகள். பழைய ஜாவா அப்ளிகேஷன் ஒன்றைப் புது சர்வருக்கு மாற்றும் வேலையை அவருக்குக் கொடுத்திருந்தோம்.

“சார், இது எர்ரரா, வார்னிங்கா?” என்று கேட்டார்.

வார்னிங்தான். கான்ஃபிக் கோப்பு இருக்கும் இடம் லாக்4ஜே என்ற அந்த லாகிங் லைப்ரரிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிட்டு அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அந்த மதியம் முழுக்க வேலை ஓடவில்லை. இதே இரண்டு வரிகளைத் தரமணியில் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்தின் உள்ளே, கனமான பழைய மானிட்டரில் முதன்முதலாகப் பார்த்த ராத்திரிதான் கண்முன் நின்றது.

அப்போதெல்லாம் எங்கள் நேரம் வாடிக்கையாளரின் நேரம். கடல் கடந்த ஓர் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு கிளெய்ம்களைச் சரிபார்க்கும் அப்ளிகேஷன் எங்களுடையது. சாயங்காலம் வேனில் ஏறினால் விடிந்ததும் வீடு. டீம் லீட் திருநெல்வேலிக்காரர். எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மீட்டிங்கில் பெயர் சொல்வோம். கதவு சாத்தியதும் அவர் எங்களுக்கு அண்ணாச்சி, நாங்கள் அவருக்குத் தம்பிகள்.

அந்தக் காலத்து ரிலீஸ் என்றால் அதோடு ஒரு நீளமான குறிப்பும் போகும். ‘கோப்பைப் பிரித்த பிறகு பதினேழாவது வரியில் லாக் பாதையை மாற்றவும்’ என்பது போல ஏழெட்டு வரிகள். எங்கள் டெவலப்மென்ட் மெஷினில் ஒரு பாதை, டெஸ்டிங்கில் ஒரு பாதை, புரொடக்‌ஷனில் வேறொரு பாதை. ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் வி‌ஐ எடிட்டரைத் திறந்து அந்த வரியைக் கையால் மாற்றுவார். ராத்திரி இரண்டு மணிக்கு, முகம் தெரியாத ஒருவர், எங்கள் குறிப்பைப் படித்துக்கொண்டே மாற்றுவார். ஓர் எழுத்து பிசகினாலும் மறுநாள் எங்களுக்குப் போன் வரும்.

அண்ணாச்சி அதை ஒழித்துக்கட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து லாக்4ஜேயின் பிராப்பர்ட்டீஸ் கோப்பைத் திறந்தார். பாதை இருந்த இடத்தை அழித்தார். ஒரு டாலர் குறி போட்டு, ஃப்ளவர் பிராக்கெட்டைத் திறந்து, ‘லாக் டாட் டிர்’ என்று எழுதி மூடினார். அதை ஒட்டி ஒரு ஸ்லாஷ், பிறகு கோப்பின் பெயர்.

“தம்பி, பாதைய இங்க எழுதாத. பேர மட்டும் எழுது. அது எந்த இடம்னு அந்தந்த மெஷின் சொல்லிக்கிடும்.”

“எப்படிச் சொல்லும், அண்ணாச்சி?”

“சர்வர ஸ்டார்ட் பண்ற ஸ்கிரிப்டுல மைனஸ் டி போட்டு இந்தப் பேருக்கு வேல்யூ குடுத்துருவோம். லாக்4ஜே மொதல்ல அங்க போய்ப் பாக்கும். இல்லன்னா இதே கோப்புக்குள்ள தேடும்.”

“ரெண்டு இடத்துலயும் இல்லன்னா?”

“ஒண்ணும் சொல்லாது. வெறும் இடமா விட்டுட்டுப் போயிரும். அதத்தான் பாத்துக்கிடணும்.”

பிற்பாடு ஒரு ஓய்ந்த ராத்திரியில் அந்த லைப்ரரியின் மூல நிரலைத் திறந்து படித்தேன். ‘ஆப்ஷன் கன்வெர்ட்டர்’ என்றொரு கிளாஸ். கீயைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தேடி எடுத்து, அந்த மதிப்புக்குள் டாலர் பிராக்கெட் இருந்தால் அதையும் நிரப்பித் தருகிற சின்னஞ்சிறிய மெதட் ஒன்று அதில் இருந்தது. ஜாவாவின் சிஸ்டம் பிராப்பர்ட்டிக்கு முதலிடம், கோப்புக்கு இரண்டாமிடம், இரண்டிலும் இல்லையென்றால் காலி எழுத்துத்தொடர். பிராக்கெட்டை மூட மறந்திருந்தால், திறந்தது எத்தனையாவது எழுத்தில் என்பதைச் சொல்லி எக்ஸப்ஷன். அண்ணாச்சி வாயால் சொன்னது அத்தனையும் வரிக்கு வரி அங்கே இருந்தது. ஒரு பிரச்சினையை இவ்வளவு சிக்கனமாக, இவ்வளவு தெளிவாகத் தீர்க்க முடியும் என்பதைப் பார்த்து அன்றைக்கு எனக்கு இந்தத் தொழில்மேல் ஒரு மதிப்பு வந்தது. இன்றுவரை அது குறையவில்லை.

வெறும் இடமாக விட்டுவிட்டுப் போவது என்றால் என்ன என்பதைச் சில மாதங்களில் கண்ணால் பார்த்தோம். வாடிக்கையாளரின் இடத்தில் பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்திருந்தார்கள். கிளெய்ம்கள் ஒழுங்காக ஓடின, யாரும் புகார் சொல்லவில்லை. எங்கள் பக்கம் மட்டும் லாக் கோப்பில் ஒரு வரிகூட ஏறவில்லை. ‘டெய்ல் மைனஸ் எஃப்’ போட்டுவிட்டுக் காத்திருந்தால் கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் கன்சோல் வெளியீட்டைச் சேர்த்துவைக்கும் கோப்பில் தேடியபோது விஷயம் புரிந்தது. கோப்பைத் திறக்க முடியவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒரு வரி. அதில் முதலில் ஒரு ஸ்லாஷ். அதற்குப் பின்னால் நேராகக் கோப்பின் பெயர். புது மெஷினின் ஸ்கிரிப்டில் அந்த மைனஸ் டி வரி இல்லை. அதனால் பாதை இருக்க வேண்டிய இடம் காலியாகி, லாக்4ஜே ரூட் டைரக்டரியில் எழுதப் போய், அனுமதி கிடைக்காமல், அதை ஒருமுறை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. லாக் எழுத முடியவில்லை என்பதற்காக அப்ளிகேஷனை நிறுத்தக் கூடாது என்பது அந்த லைப்ரரியின் கொள்கை. அண்ணாச்சி திரையில் அந்த ஸ்லாஷுக்குமுன் விரலை வைத்து, “இந்த எடத்துல ஒரு பேரு இருந்திருக்கணும்” என்றார்.

அந்த லைப்ரரிக்குள் இன்னொரு தேடலும் உண்டு. அது எனக்கு மிகவும் பிடித்தது. லாகர்களின் பெயர்கள் புள்ளி வைத்துப் பிரிந்திருக்கும். ஒரு லாகருக்கு எந்த லெவல் என்று கான்ஃபிக்கில் எழுதியிருக்காவிட்டால், பெயரின் கடைசித் துண்டை விட்டுவிட்டு அதற்கு மேலே உள்ளதைக் கேட்கும். அங்கும் இல்லையென்றால் அதற்கும் மேலே. கடைசியில் ரூட் லாகர். ஊருக்குள் புதிதாக வந்த பையனைப் பார்த்து “நீ யாரு மவன்?” என்று கேட்டு, அப்பன் பெயரும் பிடிபடாவிட்டால் தாத்தா பெயரைக் கேட்டு அடையாளம் காண்கிற பெரியவர்களின் முறைதான் அது. ரூட்டில் டீபக்கை நிறுத்தி, குறிப்பிட்ட ஒரே ஒரு பேக்கேஜுக்கு மட்டும் திறந்துவிட்டு, நடுராத்திரியில் ஒரு பிழையைத் துரத்திப் பிடிப்பதில் இருந்த நிறைவு தனி.

லாக்4ஜேயின் வேர் 1996-இல் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘செம்பர்’ என்ற மின்வணிகத் திட்டம் தன் நிரல்கள் எப்படி ஓடுகின்றன என்று பின்தொடர்வதற்காகச் சொந்தமாக ஒரு கருவி எழுதிக்கொண்டது. அது பலமுறை உருமாறி, செகி குல்ஜு என்பவரின் கையில் லாக்4ஜேயாகி, பிறகு அப்பாச்சி அமைப்பின்கீழ் வந்தது. எங்கள் தலைமுறையில் ஜாவா எழுதிய ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

2014-இல் லாக்4ஜே 2 வெளிவந்தது. அடுத்த ஆண்டே முதல் பதிப்புக்கு ஆதரவு இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அண்ணாச்சி அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட, தம்பிகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு நான் வந்திருந்தேன். புதிய பதிப்பின் ‘லுக்கப்’ பக்கத்தைப் படித்தபோது பெரிய சந்தோஷம். முன்பு கீயை இரண்டு இடங்களில்தான் தேடும். இப்போது கீக்கு முன்னால் ஒரு முன்னொட்டும் கோலனும் போட்டு, எங்கே தேட வேண்டும் என்று நாமே சொல்லலாம். ‘என்வ்’ என்றால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் என்விரான்மென்ட் வேரியபிள். ‘சிஸ்’ என்றால் பழைய சிஸ்டம் பிராப்பர்ட்டி. ‘டேட்’ என்றால் இன்றைய தேதி. ‘சிடிஎக்ஸ்’ என்றால் இந்த நிமிடம் யாருடைய வேலை நடக்கிறதோ அவருடைய விவரம். எங்கும் கிடைக்காவிட்டால் எதை வைத்துக்கொள்வது என்பதையும், கோலனும் கழித்தல் குறியும் போட்டுப் பக்கத்திலேயே எழுதிவிடலாம்.

முன்னிருந்த வெற்றிடத் தொல்லையும் போயிற்று. கீக்கு விடை கிடைக்காவிட்டால் லாக்4ஜே 2 அந்த டாலர் பிராக்கெட்டை அப்படியே விட்டுவைக்கும். அதனால் வேறொரு காட்சி வந்தது. ஒருநாள் டெஸ்டிங் மெஷினில் டைரக்டரிகளைப் பட்டியலிட்டால், டாலர் குறியில் தொடங்கிப் பிராக்கெட்டில் முடியும் பெயரோடு ஒரு டைரக்டரி உட்கார்ந்திருந்தது. உள்ளே லாக் கோப்புகள் கச்சிதமாக இருந்தன. அதை அழிப்பதற்குப் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் போட வேண்டும். இல்லையென்றால் ஷெல்லும் தன் பங்குக்கு அந்த டாலரைப் பிரித்துப் பார்க்கும். எதைக் காணோம் என்பது பெயரிலேயே எழுதியிருந்ததால் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை.

ஒயிட்போர்டில் நான் அடிக்கடி எழுதிக் காட்டியது இரட்டை டாலரை. ஒரு டாலர் போட்டால் கான்ஃபிக்கைப் படிக்கும்போதே, ஒரே ஒருமுறை, விடை நிரம்பிவிடும். இரண்டு போட்டால் முதல் டாலர் அப்போது உதிர்ந்துவிடும். இரண்டாவது, ஒவ்வொரு லாக் வரி எழுதப்படும்போதும் புதிதாக விடை கேட்கும். ‘டாலர், டாலர், சிடிஎக்ஸ், லாகின் ஐடி’ என்று எழுதினால், உள்ளே வந்திருக்கும் பயனரின் அடையாளத்தை வைத்து ஆளுக்கொரு கோப்பாகப் பிரித்துவிடலாம். ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் ஒரு வாடிக்கையாளரின் கதையைத் தேடி அலைந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். தம்பிகளின் முகம் மலர்வதைப் பார்க்கவே அதை வகுப்பின் கடைசிக்கு வைத்துக்கொள்வேன்.

அந்த முன்னொட்டுப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: ‘ஜேஎன்டிஐ’. 2013-இல், இரண்டாம் பதிப்பு பீட்டாவாக இருந்தபோதே சேர்ந்தது. ஒரே சர்வரில் பல வெப் அப்ளிகேஷன்கள் ஓடும்போது, தத்தம் லாக்கின் பெயரைச் சர்வரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும் என்று யாரோ ஒருவர் கேட்டு, யாரோ ஒருவர் எழுதிக்கொடுத்தது. கேட்டதும் நியாயம், கொடுத்ததும் நல்லெண்ணம். ஆனால் ஜாவாவின் ஜேஎன்டிஐ தன் மெஷினுக்குள் மட்டும் தேடுவதோடு நிற்காது. கீயின் இடத்தில் ஒரு எல்டாப் சர்வரின் முகவரியைக் கொடுத்தால் நெட்வொர்க் தாண்டிப் போய் அங்கும் கேட்கும். முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பெயரை ஜேஎன்டிஐயில் தேடினால் என்ன ஆகும் என்பதை 2016-இல் பிளாக் ஹாட் மாநாட்டில் ஆராய்ச்சியாளர்கள் செய்தே காட்டினார்கள். அதையும் நம் லாக் வரிகளையும் சேர்த்துப் பார்க்க இன்னும் ஐந்து வருடம் ஆனது.

2021 நவம்பர் 24 அன்று அலிபாபா கிளவுடின் பாதுகாப்புக் குழுவிலிருந்து அப்பாச்சிக்கு ஒரு தகவல் போனது. டிசம்பர் 9 அன்று விஷயம் வெளியே வந்துவிட்டது. கொரோனா காலம், எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை. வெள்ளிக்கிழமை மதியம் வாடிக்கையாளர்களின் அழைப்பு தொடங்கியது. அது அடுத்த வாரங்களில் நிற்கவே இல்லை. மைன்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டினால் சர்வரே கைமாறிவிடுகிறது என்று செய்தி. கல்லூரிக்குப் போகும் என் அண்ணன் மகன் போன் செய்து, “சித்தப்பா, லாக்4ஜேன்னா நீங்க எப்பவும் சொல்வீங்களே, அதுவா?” என்று கேட்டான்.

அதேதான். லாக்4ஜே 2, கான்ஃபிக்கில் நாம் எழுதும் டாலர் பிராக்கெட்டை நிரப்பியதோடு நிற்காமல், லாக் செய்யப்படும் செய்திக்குள் வரும் டாலர் பிராக்கெட்டையும் நிரப்பிக்கொண்டிருந்தது. முதல் பதிப்பு இதைச் செய்ததில்லை; அதில் தேடல் கான்ஃபிக் கோப்போடு முடிந்துவிடும். ‘இந்தப் பெயரில் பயனர் இல்லை’ என்று நாம் ஒரு வரி லாக் செய்வோம். பெயர் என்பது வெளியாள் தட்டச்சு செய்தது. அவர் பெயருக்குப் பதிலாக ஜேஎன்டிஐ முன்னொட்டோடு தன் சர்வரின் முகவரியைத் தட்டினால், லாக்4ஜே அதையும் ஒரு கீ என்று நம்பி அங்கே போய்க் கேட்கும். வருகிற விடை ஓடக்கூடிய நிரலாக இருக்கும். அபாயத்தை அளக்கும் சிவிஎஸ்எஸ் அளவுகோலில் அதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்தார்கள்.

அந்த நாட்களில் வாடிக்கையாளர்களின் ஆக்சஸ் லாக்கைத் திறந்தால், எந்த பிரவுசர் என்று சொல்ல வேண்டிய யூசர் ஏஜென்ட் இடத்தில் வரிசையாக டாலர் பிராக்கெட்டுகள். ஃபயர்வாலில் ‘ஜேஎன்டிஐ’ என்ற சொல்லைத் தடுத்ததும் அடுத்த வகை வந்தது. அந்தச் சொல்லின் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனி டாலர் பிராக்கெட்டுக்குள் வைத்து, முன்னொட்டும் கீயும் காலியாக விட்டு, கோலன் கழித்தலுக்குப் பின்னால் அந்த எழுத்தை ‘கிடைக்காவிட்டால் இதை வைத்துக்கொள்’ என்று கொடுத்திருந்தார்கள். கீ கிடைக்காது, ஆகவே எழுத்து மட்டும் மிஞ்சும், எழுத்துகள் ஒட்டிச் சொல்லாகும். வேறு சில வரிகளில் ஜேஎன்டிஐ முகவரிக்குள்ளேயே ‘என்வ்’ முன்னொட்டு வைத்து, கிளவுடின் ரகசியக் கீயைக் கேட்டிருந்தார்கள். தேடல் வெற்றி பெற வேண்டிய அவசியம்கூட இல்லை. போகிற முகவரியிலேயே ரகசியம் வெளியே போய்விடும். நான் ஒயிட்போர்டில் ஆசையாக எழுதிக் காட்டிய ஒவ்வொரு வசதியும் அந்த வரிகளில் இருந்தது. கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக வந்தது.

வேலை என்னவோ கடுமையான வேலை. இந்த லைப்ரரி எங்கெல்லாம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பாதி. ஜார் கோப்பு வார் கோப்புக்குள் இருக்கும், அது இயர் கோப்புக்குள் இருக்கும்; யாரோ பெயர் மாற்றித் தங்கள் ஜாருக்குள் கரைத்தும் வைத்திருப்பார்கள். உடனே பதிப்பை மாற்ற முடியாத இடங்களில் ஜிப் கட்டளையால் ஜாரைத் திறந்து ‘ஜேஎன்டிஐ லுக்கப்’ என்ற ஒரே ஒரு கிளாஸை மட்டும் அழித்தோம். 2.15 வந்தது, அது போதாது என்று 2.16 வந்தது. செய்திக்குள் தேடும் பழக்கத்தையே அதில் எடுத்துவிட்டார்கள். சில நாட்களில் 2.17. ஆண்டு முடிவதற்குள் 2.17.1. அதிகாலையில் மார்கழிக் கோலம் போட வாசலுக்குப் போன என் மனைவி, “இன்னும் படுக்கலையா?” என்று கேட்டுவிட்டுக் காபி வைத்துவிட்டுப் போவாள்.

2.17 ஏன் வந்தது என்பதை மட்டும் இளையவர்களிடம் நான் விரிவாகச் சொல்வதுண்டு. இரட்டை டாலர் சிடிஎக்ஸ் லாகின் ஐடிதான் அங்கே விவகாரம். கான்ஃபிக்கில் அந்தக் கேள்வியை எழுதியது நாம்தான், அதில் தவறில்லை. ஆனால் லாகின் ஐடி என்ற விடையை நிரப்புவது வெளியாள். அவர் தன் ஐடியாக இன்னொரு டாலர் பிராக்கெட்டைத் தந்து, அது தன்னையே திரும்பக் கேட்கும்படி செய்தால் தேடல் முடிவே இல்லாமல் சுற்றி அப்ளிகேஷன் விழுந்துவிடும். 2.17-இல் விதியைத் திருத்தினார்கள்: கான்ஃபிக்கில் எழுதியிருக்கும் தொடர்களை மட்டுமே உள்ளுக்குள் உள்ளாகத் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும், மற்ற இடங்களில் மேல் அடுக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வந்த விடையை மறுபடியும் கேள்வியாகப் படிக்கக் கூடாது.

இத்தனை வருட அனுபவத்தில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகியிருக்கிறது. கீயைக் கொடுத்து மதிப்பைத் தேடும் நிரலை எழுதுவது எளிது. அந்தக் கீயை எழுத யாருக்கு உரிமை, வந்த மதிப்பை எந்த இடத்தில் வெறும் எழுத்தாக மட்டும் பார்க்க வேண்டும் என்று கோடு கிழிப்பதுதான் உண்மையான வேலை. அண்ணாச்சி காலத்து லாக்4ஜேயில் அந்தக் கோடு தானாகவே அமைந்திருந்தது. கான்ஃபிக் கோப்பை எழுதியவரைத் தவிர யாரும் கேள்வி கேட்க முடியாது. வசதிகள் பெருகியபோது கோடு மங்கியது. அதைத் திரும்பக் கிழித்தவர்கள், பகலில் தங்கள் பிழைப்பைப் பார்த்துவிட்டு, சம்பளமில்லாமல் இந்த லைப்ரரியைக் காத்துவந்த தன்னார்வலர்கள். அந்த டிசம்பரில் உலகமே அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அவர்கள் தூக்கமில்லாமல் அடுத்தடுத்த பதிப்பைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நம் நன்றி போய்ச் சேர வேண்டும். அவர்களின் உழைப்பில் சம்பாதிக்கும் நிறுவனங்களின் பணமும் போய்ச் சேர வேண்டும்.

இப்போது லாக் பார்க்க யாரும் சர்வருக்குள் நுழைவதில்லை. வரிகள் ஓரிடத்தில் குவிந்து, டேஷ்போர்டில் வண்ணமாகத் தெரிகின்றன. கான்ஃபிக் மதிப்புகள் குபர்னெட்டீஸிலிருந்தும் ரகசியப் பெட்டகங்களிலிருந்தும் வருகின்றன. ஸ்பிரிங்கைத் திறந்தாலும், டாக்கர் கம்போஸைத் திறந்தாலும் அதே டாலர், அதே ஃப்ளவர் பிராக்கெட், உள்ளே ஒரு பெயர். ஆகவே எங்கள் குழுவில் கோட் ரிவ்யூவுக்கு எந்த லுக்கப் வந்தாலும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதியிருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்: இந்தக் கீயை எழுதுவது யார்? மதிப்பைத் தருவது யார்? கிடைக்காவிட்டால் என்ன நடக்கும்? மூன்றாவது அண்ணாச்சி கற்றுக்கொடுத்தது. முதல் இரண்டும் 2021 கற்றுக்கொடுத்தவை. இவற்றுக்கு விடை இல்லாத நிரல், எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், எங்கள் கையைத் தாண்டி வாடிக்கையாளரிடம் போவதில்லை.